சமையலறை ஜன்னலுக்குப் பூட்டு

மர்பி டவுனில் எங்கள் வீட்டுப் பின்கதவை வெளியிலிருந்து திறக்கத் தெரிந்தவர் என் அண்ணன் ஒருவர்தான். கதவை ஒட்டி சமையலறை ஜன்னல். அதைத் தாழ் போடாமல் சும்மா சாத்தி வைப்போம். கம்பிக்குள் கையை விட்டு எட்டினால் கதவின் தாழ்ப்பாள் அகப்படும்.

அண்ணன் ஆனேக்கல்லில் இருக்கிறார். காய்கறி வண்டி ஓட்டுகிறார். சிட்டியில் லோடு இறக்கிவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வருவார். மூடி வைத்த சோற்றைச் சாப்பிட்டு, ஃபேனுக்குக் கீழே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுப் போவார். சாயங்காலம் நான் வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். அவர் வந்துபோனது அப்படித்தான் தெரியும்.

போன வருஷம் பக்கத்துத் தெருவில் திருட்டு. திருடனும் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத்தான் கதவைத் திறந்திருக்கிறான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே பிரேசர் டவுனில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டு மூன்று விதம் எடுத்து வைத்தார். வீட்டுக்காரர் சாதாரணக் கொக்கியே போதும் என்றார்.

"கொக்கி பேடா சார், வேணாம். கண்ணாடிய உடைச்சா கைக்கு வந்துடும். சாவி போட்ற லாக் பக்காவா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

எல்லா ஜன்னலுக்கும் ஒரே சாவி போதும் என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றே ஆள் வந்து மாட்டிவிட்டார். அண்ணனுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வருவார், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் அதற்கு முன்பே வந்துவிட்டார்.

"உங்க அண்ணன் வந்தாருங்க. ஜன்னல இழுத்து இழுத்துப் பாத்தாரு. நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கன்னேன், வேணாம்னுட்டாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போய்ட்டாரு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

உடனே போன் செய்தேன். "பரவால்ல விடும்மா. பூட்டு போட்றது நல்லதுதான்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. நாங்களே பஸ் ஏறி ஆனேக்கல் போனோம். வாசல் கதவுக்கு இன்னொரு சாவி செய்துகொண்டு போய் நீட்டினேன். அண்ணி வாங்கக் கையை நீட்டினார். அண்ணன் தடுத்தார்.

"வேணாம் பாப்பா. சாவி எங்கிட்ட இருக்கும்போது நாளைக்கு அங்க ஒரு சாமான் காணாமப் போனா, உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

"உன்னைப் போய் நான் சந்தேகப்படுவேனாண்ணா?"

"நீ பட மாட்ட. எனக்குத்தான் மனசு உறுத்திக்கிட்டே இருக்கும்."

வீட்டுக்காரரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அண்ணன் பேச்சை மாற்றி, எங்களைச் சாப்பிட உட்காரவைத்தார்.

பூட்டைக் குறை சொல்ல முடியாது. மழைக்காற்றுக்குக்கூட ஜன்னல் ஆடுவதில்லை. நானும் நன்றாகத் தூங்குகிறேன். அண்ணனும் வராமல் இல்லை. முதல் நாளே போன் செய்து, "நாளைக்கு வீட்ல இருப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார். பழம் வாங்கி வருகிறார். ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நான் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு, "அப்ப கிளம்பட்டுமா?" என்கிறார்.