விளையாட்டுக் காவடிக்கு மொட்டையா?

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், பிள்ளைகளே. உங்கள் மேல் இல்லை, எங்களைப் போன்ற பெரியவர்கள் மேல்.

ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம். திருத்தணி மலைக்குப் போன காவடிகளை வாசலில் நின்று பார்த்த என் மகள், ஒரு குச்சியில் என் துண்டைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டாள். நாலு வயது. தன் பொருளை யாருக்கும் தரமாட்டாள், பிடுங்கினால் கடிப்பாள். பக்கத்து வீட்டு மெக்கானிக் பாயின் மகள் மோர்ப் பந்தல் போட்டிருந்தாள். மோர் ஏது? காலி டம்ளர்தான்.

“லைன்ல வா. காவடிய எனக்கும் குடுத்தாதான் மோரு,” என்றாள் அந்தப் பெண்.

என் மகள் யோசித்தாள். கொடுத்துவிட்டாள்! நான் கெஞ்சியும் அதட்டியும் வராத பழக்கம், ஒரு காலி டம்ளருக்கு வந்தது.

அதை ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்த என் அக்கா பார்த்துவிட்டாள்.

“இன்னாடா இது? தோள்ல ஏத்திட்டா அது வேண்டுதல். மலைக்குத் தூக்கினு போயி மொட்ட போடணும்.”

“அது குச்சிக்கா.”

“சாமிகிட்ட வெளயாடுவியா?”

“எது குச்சி, எது காவடின்னு சாமிக்குத் தெரியாதா?”

அக்கா என்னை விட்டுவிட்டுக் குழந்தையிடம் திரும்பினாள். “நாளைக்கே ஒனக்கு மொட்டடி!”

மகள் தலையைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். தோழி பயந்து வீட்டுக்கு ஓடினாள். அதன் பிறகு வாசல் பக்கமே இவள் போகவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போதுதான் ஒருத்தியோடு சேரக் கற்ற பிள்ளை! “மொட்ட கெடையாது,” என்று அக்காவிடம் அடித்துச் சொன்னேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். மகளின் பயமோ போகவில்லை.

கடைசியில் அந்தத் தோழிதான் தேடி வந்தாள். என் மகள் சீப்போடு வெளியே வந்தாள்.

“நான்தான் அத்த. நீ உக்காரு. ஒனக்கு மொட்ட.”

தோழி உட்கார்ந்து பொய்யாக ஓவென்று அழுதாள். சீப்பு அவள் தலையில் ஓடியது.

“அவ்ளோதான். முடி மொளச்சிடும், அழாத,” என்று தலையைத் தடவினாள் என் மகள். இந்த ஒரு வார்த்தையை எங்களில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பிறகு கூடத்தில் இருந்த அக்காவிடம் போனாள்.

“அத்த, அடுத்தது நீ. உக்காரு.”

“ஏய், போடி அந்தாண்ட!”

“பயமா இருக்குதா?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவள் உட்கார ஒரு மணையை இழுத்துப் போட்டேன்.