டிரா என்று நான் சொன்ன ஆட்டம்

செஸ் நடுவர் வேலை என்பது நாள் முழுக்க வாயை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, திறக்கிற ஒரு நிமிஷத்தில் மாட்டிக்கொள்வது. தீர்ப்புச் சொல்லிப் பிழைக்கும் சக பாவிகளுக்கு இது புரியும்.

மூன்றாவது நகர்த்தல்

2008-ல் சிதம்பரத்தில் பெண்களுக்கான மாவட்டத் தேர்வுப் போட்டி, கடைசிச் சுற்று. நடுவர் நான். கறுப்புக் காய்களில் கயல்விழி. கிள்ளையில் மீன்பிடிக்கும் குடும்பம், பி.எஸ்சி. கடைசி வருஷம். ஜெயித்தால் மாவட்ட அணியில் இடம். மாநிலப் போட்டிச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம்.

எதிரே கடலூர் ஸ்டெல்லா டீச்சர். அவருக்கு டிரா போதும். கயல் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்கத்தை ஆட, டீச்சர் மூன்றாவது நகர்த்தலிலேயே நடுச் சிப்பாய்களை வெட்டி மாற்றிக்கொண்டார். பலகை இரு பக்கமும் ஒரே மாதிரி ஆனது. அதில் சண்டை பிடிப்பது கஷ்டம். தண்ணீர் குடிக்க எழுந்த கயல் மெதுவாகச் சொன்னாள்: "டிராவுக்குன்னே வந்திருக்காங்க சார். உட மாட்டேன்."

மூன்று தடவை

நாலு மணி நேரத்தில் ஒரு சிப்பாயை வெட்டி முன்னிலை பெற்றுவிட்டாள். கடிகாரத்தில் நேரம் குறைவு என்பதால் ராஜாவை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தாள். டீச்சர் கையைத் தூக்கினார். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம் என்பது விதி; வந்துவிட்டது, டிரா வேண்டும் என்றார். ஆட்டத்தாளைப் பார்த்தேன். பசி, புழுக்கம், முடிவைக் கேட்டு வாசலில் கூட்டம். சரி, டிரா என்றேன். கயல் ஆட்டத்தாளில் கையெழுத்துப் போட்டாள்: "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அறிக்கை

மறுநாள் காலை அறிக்கை எழுத உட்கார்ந்து, ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். மூன்றில் ஒரு தடவை டீச்சரின் யானை ஒரு கட்டம் தள்ளி நின்றிருந்தது. நிலை வந்தது இரண்டே முறை. ஆட்டம் தொடர்ந்திருக்க வேண்டும். போட்டிச் செயலாளருக்குப் போன் செய்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை: "அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுடுச்சு, டீம் லிஸ்ட்டும் போயிடுச்சு. நீங்க ஏன் சார் கெளறுறீங்க?"

கிள்ளை

பஸ் பிடித்துப் போனேன். வாசலில் நின்றபடியே முழுசாகச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். கயல் உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை. அவள் கோபப்படுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் நிதானமாகத்தான் பேசினாள்: "என் தப்புன்னு நெனச்சிருந்தா அடுத்த தடவ திருத்திக்குவேன் சார். உங்க தப்ப நான் என்னா பண்றது?"

எழுத்துமூலமாக ஒரு புகாரும் வராததால், மாவட்டத்தில் எனக்குத் தவறே செய்யாத நடுவர் என்ற பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது.