குட்டைக் கொடுவா

கோட்டைப்பட்டினம் கரையில் மீன் விற்கிறேன். "இது கடல் மீனா?" என்று யார் கேட்டாலும், "பெறகு கொளத்துலயா வளரும்?" என்பேன். வாய்ப் பழக்கம். சிரித்துவிட்டு வாங்கிப் போவார்கள்.

காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிற ஒரு பொண்ணு வந்தது. இந்தக் கடல் கொடுவா மீன் ஒன்று வேணும் என்றது. அன்றைக்கு எந்த போட்டிலும் கொடுவா இல்லை. என் ஐஸ் பெட்டியில் ஒன்று கிடந்தது. முந்தின நாள் வளர்ப்புக் குட்டையில் பிடித்தது.

"கடல் மீன்தானே அக்கா?"

"பெறகு கொளத்துலயா வளரும்?"

அதுவும் சிரித்தது. சதையில் துளி வெட்டி, ஸ்பிரிட்டு ஊற்றின குப்பியில் போட்டது. கரையின் பேரையும் தேதியையும் எழுதி ஒட்டியது.

என்னத்துக்கு என்று கேட்டேன். மீன் உடம்பில் தாய் வழியாக மட்டும் வருகிற எழுத்து இருக்கிறதாம். பதினாறாயிரத்துக்கு மேலேயாம். ஒன்று விடாமல் வாசிக்கணுமாம். இந்தக் கடல் கொடுவாவின் தாய்வழி இதுதான் என்று அதை வைத்து எழுதுவார்களாம்.

நான் நாலாப்பு. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தே எனக்கு முழுசா வராது. ஆனால் அது சொன்னது புரிந்தது. குட்டைக்குக் குஞ்சு வண்டியில் வருகிறது. அதன் தாய் எந்தக் கடலோ. அப்பவே சொல்லியிருக்கலாம். குப்பியை மூடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் கொடுவா அறுக்கும்போதெல்லாம் அந்தக் குப்பி ஞாபகம் வரும்.

பல மாசம் கழித்து போன் வந்தது.

"அக்கா, எழுத்து பூரா வந்துருச்சு. அடுத்த வாரம் கட்டுரையா எழுதி அனுப்பிருவேன். ஒங்களுக்கு நன்றின்னு போட்டிருக்கேன்."

"போடாதீங்க பாப்பா. அது குட்டை மீனு."

"சும்மா சொல்லாதீங்கக்கா."

"சும்மா சொன்னது அன்னைக்கு."

அழுததா என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரிக்கா" என்று வைத்துவிட்டது.

மறு மாசம் அந்தப் பொண்ணு திரும்பக் கரைக்கு வந்தது. மொதல்லேருந்து செய்யணுமாம். "சாப்பிட்டீங்களாக்கா" என்று கேட்டது. என் பெட்டிப் பக்கம் பார்க்கவில்லை. வெயிலில் நின்று, ஒரு போட்டு கரைக்கு வந்ததும் தண்ணியில் இறங்கிப் போனது. வலையிலிருந்து கொடுவாவைக் கழற்றுகிற வரைக்கும் கண்ணெடுக்கவில்லை.

எங்கே பிடித்தது என்று போட்டுக்காரரிடம்தான் கேட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.