வாத்துக்கு நான் போட்ட வேலி

எஸ்.எஸ்.எல்.சி. தேறியவனுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று நான் திடமாக நம்பியிருந்த காலம். ஐம்பதுகளின் கடைசி. ஒலக்கூர்ப் பக்கம் ஏரியை ஒட்டி எங்களுக்கு நிலம். அப்பா படுத்த படுக்கையாகிவிட, அந்த ஆண்டு மார்கழியில் தொடங்கும் நவரைப் போகத்துக்கு நாற்று விடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டிலிருந்த விதைநெல் முழுவதையும் தெளித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டேன்.

கார்த்திகை முடிந்தால் ஏரிக்குப் பெரிய வாத்துகள் வந்துவிடும். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. வடக்கே பனிமலையைத் தாண்டி வருகின்றனவாம். பகலெல்லாம் ஏரி நடுவே கும்பலாக மிதந்தபடி தூங்கும். மாமனார் வீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளைகூட அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார். விடிகிற நேரத்திலும் பொழுது சாயும்போதும்தான் கரையேறும்.

நாற்று பச்சை கட்டிய சில நாளில் ஒரு மூலை மொட்டையாகக் கிடந்தது. எங்கள் வயலில் நடவும் களையெடுப்பும் செய்து பிழைக்கிற ஓர் அம்மாள், என் தாய் வயது, ஓடிவந்து சொன்னாள்.

"அய்யா, வாத்துங்க நாத்த மேஞ்சிக்கினு கீதுங்க. விடியக்காலைல ஆள் வச்சு ஓட்டுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "தண்ணியில கெடக்கிற பறவை மீனைத் திங்குமா, நாத்தைத் திங்குமா? ஆடு மேஞ்சிருக்கும், போ."

"எச்சத்தப் பாருங்கய்யா. பச்சையா, புல்லு சக்கையா கீது. மீன் தின்னா நாறாதா?"

படித்தவன் எச்சத்தைக் குனிந்து பார்ப்பதாவது! ஆட்டுக்காரர் ஒருவரோடு தெருவில் நின்று சண்டை போட்டேன். பிறகு கருவேல முள் வெட்டிவந்து, நாற்றங்காலைச் சுற்றி இடுப்புயரத்துக்கு வேலி அடைத்தேன். ஒரு கோழிக்குஞ்சு நுழைய முடியாது. அப்படியொரு வேலியை எங்கள் ஊரில் அதுவரை யாரும் போட்டதில்லை; காரணம், அவர்களுக்குப் புத்தி இருந்தது.

அதுவரை வாத்துகளை அவ்வப்போது துரத்திக்கொண்டிருந்தவை ஊர் நாய்கள். இப்போது அவை வேலிக்கு வெளியே நின்று குரைத்துவிட்டுத் திரும்பின. வாத்துகள் மேலே பறந்து வந்து, உள்ளே இறங்கி, நாய்த் தொல்லை நரித் தொல்லை இல்லாமல் மேய்ந்தன. வேலியே பயிரை மேயும் என்பார்கள். என் வேலி மேயவில்லை, மேய்கிறவர்களுக்குக் காவல் நின்றது.

நாலாம் நாள் விடிந்தபோது சேறும் பச்சை எச்சமும்தான் மிச்சம். மறுபடி தெளிக்க விதை இல்லை. ஏரியிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் வந்து வேலிக்கு வெளியே நின்றாள். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பாள், பதிலுக்கு ஒரு அதட்டல் போடலாம் என்று தயாராக இருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"அப்போ இந்த வருசம் நடவு இல்லீங்களா அய்யா?"

இல்லை என்று தலையாட்டினேன். சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீட்டுக் குதிரில் அந்த வருடச் சாப்பாட்டுக்கு நெல் இருந்தது. அவள் வீட்டு அடுப்புக்கு என்ன இருந்தது என்று கேட்கும் அறிவு, எஸ்.எஸ்.எல்.சி. தேறியவனுக்கு அன்றைக்கும் வரவில்லை.