பி.டி. வாத்தியார் கேட்ட கேள்வி

பி.டி. வாத்தியார் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்ததற்குக் காரணம் ஒன்றுதான். மற்றவர்களுக்குப் பாடம் இருந்தது. "உங்களுக்குத்தான் பேப்பர் திருத்துற வேலை இல்லையே சார்" என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே அதை அவர் தலையில் கட்டிவிட்டார். ஐம்பத்து நான்கு வயது மனிதர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்து, பதினொன்றாம் வகுப்பில் எட்டுப் பேரைப் பொறுக்கினார். கூடப் படிக்கிற பிள்ளை யாராவது ஒதுங்கிப் போனாலோ, உயிரை வெறுத்துப் பேசினாலோ, இந்த எட்டுப் பேர் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு உடனே ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் திட்டம். 'துணைக் குழு' என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். பிள்ளைகள் வைத்த பெயர் 'ஒட்டுக்கேட்பு இலாகா'.

முதல் வருஷம் வந்ததெல்லாம் காதல் சண்டை, வீட்டுச் சண்டை. அதையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? வீட்டுக்குப் போனால் வாத்தியாருக்குப் பேச்சே வராது. "ஊர்ப் பிள்ளைங்க பாரத்தைச் சுமந்துட்டு வர்றீங்க. இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டாமா?" என்பாள் மனைவி. அவருக்கும் அப்படி ஓர் இடம் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம், ஒரு வியாழக்கிழமை மதியம். சாமான் அறையில் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். குழுவிலிருந்த ஒரு பெண் கதவோரம் வந்து நின்றாள். எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

"சார், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சரி, சொல்லு."

"என் ஃப்ரெண்டு அவளோட நோட்டு, பேனா எல்லாத்தையும் என்கிட்ட குடுத்துட்டா. 'இனிமே எனக்கு எதுக்குடி'ன்னு சிரிக்கிறா. அந்தச் சிரிப்பே சரியில்ல சார்."

வாத்தியார் பம்பைக் கீழே போட்டார்.

நீளம் தாண்டும் மணல்குழியோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள் அந்தத் தோழி. பக்கத்தில் போய் அவரும் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அப்படியே கேட்டார்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?"

அவள் மணலை அள்ளினாள், விட்டாள், மறுபடி அள்ளினாள்.

"ரொம்ப நாளா தோணுது சார். யாரும் கேக்கல."

பள்ளிக்கு மனநல ஆலோசகர் வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். போன் போட்டதும், "தனியா விடாதீங்க. அம்மாவை வரச் சொல்லி, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். தையல் கம்பெனியிலிருந்து அம்மா ஓடிவந்தாள், உடுப்பெல்லாம் நூல் பிசிறோடு. "காலையிலகூட நல்லாத்தானே சாப்பிட்டா சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் டாக்டர் பெண்ணை உள்ளே சேர்த்துக்கொண்ட பிறகுதான், மதியம் சாப்பிடாதது வாத்தியாருக்கு நினைவு வந்தது.

ஐந்து வாரம் கழித்து, தேறி, பள்ளிக்கு வந்தாள் தோழி. நெட்டையிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்: "உன்னை நம்பினேன், போட்டுக் குடுத்துட்ட."

அன்றே நெட்டை துணைக் குழு பேட்ஜைக் கொண்டுவந்து வாத்தியார் மேஜைமேல் வைத்தாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேனா சார்?"

"இல்லம்மா. அவ உயிரோட இருந்து உன்மேல கோவமா இருக்கா. எனக்கு அது போதும். உனக்குப் போதாதுன்னு தெரியும்."

நெட்டை அழுதாள். அவர் தடுக்கவில்லை. எல்லார் பாரத்தையும் கேட்கிற இந்த எட்டுப் பேர் பாரத்தை யார் கேட்பது? அந்த நினைப்போடு தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"ஆலோசகர் இந்தப் பிள்ளைங்களோடவும் உட்காரணும் மேடம். எனக்கும் துணைக்கு ஓர் ஆள் வேணும்."

"யாரும் வரமாட்டாங்க சார்."

"அப்ப நானும் வரல."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான்காம் நாள் நூலகர் தானாக வந்து, "எனக்கு என்ன வேலைன்னு சொல்லுங்க" என்றார்.

நெட்டை செவ்வாய்க்கிழமைகளில் ஆலோசகரைப் பார்த்தாள், குழுவுக்குத் திரும்பவில்லை. தோழிகள் பழையபடி ஒட்டவும் இல்லை. ஆனால் வருஷக் கடைசியில் பரீட்சை முடிந்து இருவரும் ஒரே வாசல் வழியாகப் பேசிக்கொண்டு போனதை வாத்தியார் பார்த்தார். என்ன பேசினார்கள் என்று விசாரிக்கப் போகவில்லை.

அடுத்த வருஷத்து எட்டுப் பேர் பட்டியலை நூலகர்தான் எழுதினார். வாத்தியார் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தார்.