செல்லாத நோட்டு ஷெத்லி

தேநீர்க் குவளையை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையைக் கைக்குட்டையால் இரண்டு முறை துடைத்து, ஷெத்லி நோட்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். நோட்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் மூன்று துளைகள் வழியாக மூன்று வெளிச்சப் பொட்டுகள் அவர் கன்னத்தில் விழுகின்றன. "ம்... மூணும் இருக்கு" என்று பெருமூச்சு விட்டு, நோட்டை உறையில் வைத்த பிறகுதான் தேநீரைத் தொடுவார். ஸ்ஃபாக்ஸ் துறைமுக நகரின் மீன் சந்தைக்கு எதிரே உள்ள அந்தக் காப்பிக் கடையில் பதினோரு வருடமாக அவர் சூடாகத் தேநீர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

தொழில், பல்செட் கட்டுவது. ஊராருக்கு வாயிலே பொய்ப் பல், தன் பையிலே பொய்ப் பணம் என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். பல்லைப் பற்றி என்ன சொன்னாலும் சிரித்துவிடுவார். பணத்தைப் பற்றிச் சொன்னால் மட்டும் மூக்கு சிவந்துவிடும். "பொய்ப் பணம்னா அது கள்ள நோட்டு. இது மாதிரிக்குக் காட்டுற நோட்டு. பேங்க்காரனே அடிச்சு, பேங்க்காரனே ஓட்டை போட்டது. தெரியலேன்னா சும்மா இருக்கணும்."

நாடு விடுதலையாகி இரண்டு வருடத்தில் பிராங்க் போய் தினார் வந்தது. புது நோட்டு எப்படி இருக்கும் என்று காசாளர்களுக்குக் காட்டச் சில மாதிரிகள் வந்தன. எண் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் பூஜ்யங்கள், குறுக்கே சிவப்பு முத்திரை, எவனும் செலவழித்துவிடாதபடி மூன்று துளைகள். அவற்றைத்தான் ஷெத்லி சேர்க்கிறார். "புழங்கின நோட்டுல மீன் நாத்தம் அடிக்கும். இது யார் கையிலயும் கசங்காதது. நாடு பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு" என்று சொல்லும்போது குரல் லேசாகக் கம்மும்.

அந்த முதல் வெளியீட்டில் ஒரு தினார் நோட்டு அவரிடம் இருக்கிறது. ஐந்து தினார் இரண்டு இருக்கிறது. அரை தினார்தான் இல்லை. அது ஹமாதியிடம் இருந்தது.

ஹமாதி ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர். தலைநகரில் பெரிய விலை கொடுத்துக் கட்டிய மேல் பல்செட் முன்பக்கம் விரிசல் விட்டு நாலு வருடமாகிறது. ஷெத்லியிடம் வந்து வாயைத் திறப்பதைவிட, கையால் வாயை மூடிக்கொண்டு பேசுவது அவருக்கு கௌரவமாக இருந்தது. அரை தினாரைத் தரப் பதினோரு வருடம் மாட்டேன் என்றவர், போன வாரம் எப்படியோ மனம் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை அரை தினாரைக் கொண்டுவருவார். அதற்கு மாற்றாக இவர் தன் இரண்டாவது ஐந்து தினாரைக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை முடி வெட்டிக்கொண்டு வந்த ஷெத்லி, வழக்கம்போல் தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி, வீட்டை ஒட்டிய பட்டறை வாசலில் இருக்கும் பிளாஸ்டர் தாடையின்மேல் மாட்டினார். தொப்பி அங்கே ஏறாமல் அந்த வீட்டில் சோறு தண்ணி கிடையாது. மனைவி பெய்யா அவரைப் பார்த்ததும் பெருமையாக அந்த ஐந்து தினார் நோட்டை நீட்டினாள். பல்செட்டின் ஈறுக்கு நிறம் கலப்பது அவள்தான். முப்பது வருடமாக ஒரு ஓட்டையைக் கண்டு அடைக்காமல் விட்டவள் இல்லை.

"ஓட்டை நோட்டைப் போய் பெரிய மனுஷன்கிட்ட நீட்டுவீங்களா? சிகரெட் காகிதத்தை அரைச்சு, நிறம் பாத்து அடைச்சுட்டேன்."

ஷெத்லி நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கன்னத்தில் ஒரு பொட்டும் விழவில்லை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள் பெய்யா. "தினம் காலையில அந்த ஓட்டையைப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விட்டது நீங்கதானே?"

பல்லைக் குடையும் துளைப்பான் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையில் எடுத்தார். பெடலில் காலை வைத்தார். லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தால், துளை இருந்த இடமே தெரியவில்லை. தெரிந்தாலும் என்ன, தானே துளை போட்டால் அது மாதிரிக்கான நோட்டு இல்லை, சுத்தமான கள்ள நோட்டு. பத்து மில்லீம் சில்லறைகூடப் பெறாத காகிதத்துக்குக் கள்ள நோட்டு அடித்த முதல் மனிதன் என்ற பெயர் வேண்டாம் என்று காலை எடுத்துவிட்டார்.

மறுநாள் காப்பிக் கடையில் உண்மையைச் சொல்லியே கொடுத்தார். ஹமாதி நோட்டை வெயிலில் பிடித்தார், திருப்பினார், நகத்தால் தடவினார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இரண்டு தேநீரும் ஆறிப்போயின.

"இதுல ஓட்டையே இருந்ததில்ல. யாரை ஏமாத்துறே?" என்றார், வாயைப் பொத்தியபடி.

"இருந்துச்சுண்ணே. சத்தியமா மூணு இருந்துச்சு. வீட்டுல அடைச்சுட்டா. வேணாம்னா நான் கோவிச்சுக்க மாட்டேன்."

பதினோரு வருடக் காத்திருப்பு இந்த மேசையோடு போயிற்று என்றே ஷெத்லி நினைத்தார்.

"உன் சம்சாரமா அடைச்சா?"

"ஆமா."

ஹமாதி இன்னொரு தடவை நோட்டைப் பார்த்தார். அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, மேல் பல்செட்டைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி, அரை தினார் உறைமேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஷெத்லி பக்கம் தள்ளினார். "தங்கச்சிகிட்ட குடு. விரிசல் இருந்ததே தெரியக் கூடாது" என்றார். அன்றுதான் கையை எடுத்துவிட்டுப் பேசினார்.

மதியம் மீன் கூஸ்கூஸ், அந்த ஊர் ரவைச் சோறு. பெய்யா பல்செட்டை ஜன்னலருகே திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்குள் மனதில் நிறம் கலக்கத் தொடங்கிவிட்டாள்.

"அந்த அரை தினாரையும் காட்டுங்களேன். அதுலயும் ஓட்டை இருக்கா?"

"பத்திரமா இருக்கு" என்றார் ஷெத்லி.

பிளாஸ்டர் தாடை வாசலில் தொப்பி இல்லாமல் மொட்டையாக நின்றது. ஷெத்லி, உள்ளே உறை சரசரக்க, இடது கையால் தலைமேல் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாப்பிட்டார்.