படகுப் பயணத்துக்கு எடுத்து வைத்த இன்சுலின்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களைப் போன்ற பெங்களூர்க்காரர்களுக்கு வெயில் என்றாலே நடுக்கம். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் மின்விசிறிகூடக் கிடையாது. மே மாதத்திலும் போர்த்திக்கொண்டுதான் தூங்குவோம். அப்படிப்பட்ட நாங்கள் நடுக்கோடையில் ஆலப்புழைக்குக் கிளம்பினோம், படகுவீட்டில் தங்கி ஊர் சுற்றிப் பார்க்க. ஆசைப்பட்டவள் எட்டு வயது மகள்.

அவளுக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அது தவறினால் என்ன ஆகும் என்று ஒருமுறை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். அன்றைய அவள் முகத்தை நினைக்க இன்றும் பயம். பெட்டியில் தொப்பியையும் பருத்திச் சட்டைகளையும் அடுக்கும்போதெல்லாம் என் நெஞ்சு மருந்துப் புட்டிகளிடமே இருந்தது. சூட்டில் மருந்து கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவருக்கும் அதே பயம்தான். ஆனால் பயம் வந்தால் நான் புலம்புவேன், அவர் ஏதாவது காரியம் செய்துவிடுவார்.

ஞாயிறு சாயங்காலம் ரயில். கிளம்புமுன் ஊசி போட்டுவிடலாம் என்று, அவர் ஐஸ் போட்டு மூடி வைத்திருந்த ஃபிளாஸ்கைத் திறந்தேன். புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவது மகளின் வேலை. உருட்டினால் அடியில் படிந்த வெள்ளை கலந்து பால் மாதிரி ஆகும். அன்று உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"மம்மி, இது கலக்கவே மாட்டேங்குது. உள்ள குட்டி குட்டியா மிதக்குது."

வாங்கிப் பார்த்தேன். மற்றப் புட்டிகளும் அப்படியே.

"ஏங்க, இத எங்க வச்சிருந்தீங்க?"

"ஃப்ரீசர்லதான். காலையில ஊசி போட்டதுமே வச்சேன், மத்தியானம் ஃபிளாஸ்குக்கு மாத்தினேன். நல்லா உறைஞ்சிடுச்சுன்னா வழியில சூடு ஏறாதுல்ல?"

"மருந்தா அது, குல்ஃபியா?" என்று கத்தினேன். துகள் துகளாகத் தெரிந்தால் போடவே கூடாது என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துச் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த அத்தனை புட்டிகளையும் இவர் உறைய வைத்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை, பாதிக் கடைகள் மூடிக் கிடக்கும். திறந்திருக்கும் கடையிலும் அந்த நாளில் இன்சுலின் இருக்கும் என்று சொல்ல முடியாது. இவள் மட்டும் கவனிக்காமல் இருந்திருந்தால் நட்டநடுத் தண்ணீரில் அந்தச் செத்த மருந்தை நம்பிக்கையோடு போட்டுக்கொண்டிருப்போமே என்று நினைத்துக்கொண்டே அந்தப் புட்டிகளைக் குப்பையில் போட்டேன்.

மகள் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மம்மி, டாடிக்கு மருந்து கிடைக்கலேன்னா நான் செத்துடுவேனா?"

உடம்புக்குத் தெம்பு வர ஊசி போடுகிறோம் என்றுதான் அதுவரை அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும்.

"டாடி வாங்கிட்டு வந்துடுவாரும்மா" என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

சிவாஜிநகரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் கிடைத்ததாம். சட்டை நனைந்து ஒட்டியிருக்க வந்து நின்றார். புட்டியை அவள் உருட்டினாள்; பால் போலக் கலந்தது. ஊசியைப் போட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கு அடித்துப் பிடித்து ஓடி ரயிலைப் பிடித்தோம்.

ஆலப்புழையில் வெயில் கொளுத்தியது. பக்கத்துப் படகில் பிள்ளைகள் வாத்துக்கூட்டத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். என் மகள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளை எல்லாவற்றையும் மறந்து வேடிக்கை பார்க்கிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு சின்னப் படகுத்துறையைக் கடந்தபோது என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"மம்மி, அங்க ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ."